நிரந்தர ஊழியருக்கு ஸ்விட்ச் கிடையாது

வெயில் மண்டையைப் பிளக்கிற மாதத்தில் லென்ஸ்காரன் வீட்டு மெஷின் சூடான காற்றை ஊத ஆரம்பித்தது. குளிர்காலத்தில் சூடும் வெயில் காலத்தில் குளிர்ச்சியும் தருவதற்காகச் சுவரைக் குடைந்து பதித்து வைத்த மெஷின் அது. இரண்டில் எதை எப்போது தர வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட்டது. மற்றபடி அதன் உழைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இடைவிடாமல் ஊதியது.

அந்தக் குடியிருப்பு முழுவதும் தட்பவெப்ப நல வாரியத்துக்குச் சொந்தம். வீட்டுக்கு ஒரு மெஷின் உண்டு. ஜன்னல் கண்ணாடிகளைத் திறக்க முடியாதபடி பதித்திருந்தார்கள். 'ஜன்னலைத் திறந்து மெஷினின் மனத்தைப் புண்படுத்தாதீர்' என்று மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு போர்டு இருந்தது. எழுதிய பெயிண்டர் யாரோ குறும்புக்காரன் போலிருக்கிறது என்று, குடிவந்த அன்று அவனும் மனைவியும் சிரித்திருந்தார்கள். மெஷினை நிறுத்தலாம் என்றால் அதற்கு ஸ்விட்ச் இல்லை. ஸ்விட்ச் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகடு வைத்து மூடியிருந்தது.

வேறு சமயமாக இருந்தால் லென்ஸ்காரன் பேசாமல் இருந்திருப்பான். பேசாமல் இருப்பது அவனுக்குக் கைவந்த கலை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து நாளெல்லாம் லென்ஸ் தேய்க்கிறவன் அவன். முன்னால் வந்து சத்தம் போடுகிற வாடிக்கையாளர்களை முதலாளி பார்த்துக்கொள்வார். ஆனால் இப்போது ஆஸ்பத்திரியில் அவன் மகள் இருந்தாள். அவசரப்பட்டுப் பிறந்துவிட்டவள். பல வாரங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, ஒரு வழியாகத் தேறி, தாயின் மடிக்கு வந்திருந்தாள்.

"பால் குடிக்குது, எடை ஏறுது, இனிமே பயமில்லை" என்றாள் நர்ஸ். "ஆனா தன் உடம்புச் சூட்டைத் தானே பாத்துக்க அதுக்கு இன்னும் தெரியாது. ரொம்பச் சூடும் ஆகாது, ரொம்பக் குளிரும் ஆகாது. வீட்டுல ரூம் எப்படி இருக்கு?"

லென்ஸ்காரனுக்குப் பொய் சொல்ல வராது. "அடுப்பு மாதிரி இருக்குங்க" என்றான்.

"அப்ப இங்கேயே இருக்கட்டும். சரிபண்ணிட்டு வந்து கூட்டிட்டுப் போங்க."

மனைவி பிளாஸ்டிக் நாற்காலியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அதுதான் படுக்கையும். "இன்னும் எத்தனை நாளைக்குங்க?" என்றாள். "இவ பினாயில் வாசனையைத்தான் வீட்டு வாசனைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. நம்ம வீட்டுக்கு வந்தா, இது யாரு வீடுன்னு அழப்போறா."

"நாளைக்கே போய் சரிபண்ணிடறேன்" என்றான்.

சொன்னபடி மறுநாளே வாரிய அலுவலகத்துக்குப் போனான். அங்கே எல்லா ஜன்னல்களும் அகலத் திறந்திருந்தன. காற்று தாராளமாக வந்துகொண்டிருந்தது. விசாரணை ஜன்னலுக்குப் பின்னால், கழுத்தில் ஈரத் துண்டு போட்டுக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"வீட்டு மெஷின் ரிப்பேர்ங்க."

"பேர் சொல்லுங்க."

லென்ஸ்காரன் தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தான்.

"உங்க பேர் எதுக்கு? அவர் பேரைச் சொல்லுங்க."

"எவர் பேருங்க?"

"உங்க வீட்டுல வேலை பாக்கறாரே, அவர் பேர். நெத்தியில தகடு இருக்கும் பாருங்க."

"அதுல ஏதோ நம்பர்தாங்க இருக்கு."

"அதான் பேர். அப்புறம் சார், அது இதுன்னு பேசாதீங்க. காதுல விழுந்தா சங்கடமாப் போயிடும். இங்கே எல்லாரும் ஒண்ணா வேலை பாக்கறவங்க."

லென்ஸ்காரன் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. அவன் முழிப்பதைப் பார்த்து அம்மாளுக்கு இரக்கம் வந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விளக்கினார்.

"முன்னெல்லாம் மெஷின்களைச் சாமான் கணக்குலதான் வெச்சிருந்தோம். வருஷக் கடைசியில எண்ணிப் பாத்தா குறையும். எங்க போச்சு, யாரு தூக்கிட்டுப் போனா, ஒரே தலைவலி. அப்ப இருந்த டைரக்டர் உக்காந்து யோசிச்சார். ஊழியர் கணக்குல என்னைக்காவது ஆள் குறைஞ்சிருக்கா? சீட்டுல ஆளே இல்லைன்னாலும் கணக்குல இருப்பாங்க. உடனே மெஷின் அத்தனையையும் ஊழியர் கணக்குக்கு மாத்திட்டார். அதுக்கப்புறம் ஒண்ணுகூடக் காணாமப் போனதில்லை. அவருக்கு மெடல் கொடுத்தாங்க."

"நல்லதுங்க. ரிப்பேருக்கு ஆள் எப்ப வருவாங்க?"

"சாமானைத்தான் சார் ரிப்பேர் பண்ண முடியும். ஊழியரைப் போய் எப்படி ரிப்பேர் பண்றது? நல்லாயிருக்கே நீங்க சொல்றது!"

"சூடா ஊதறாருங்க" என்றான் லென்ஸ்காரன். மரியாதை தானாக வந்துவிட்டது.

"அப்படியா? உடம்புக்கு ஏதோ சரியில்லைன்னு அர்த்தம். ஆளை அனுப்பறேன், வந்து நலம் விசாரிப்பாங்க."

நலம் விசாரிக்க வந்தவர் மெக்கானிக். அவருடைய பதவியின் பெயரை 'நல விசாரிப்பாளர்' என்று மாற்றி வெகு காலம் ஆகியிருந்தாலும் குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் மெக்கானிக்தான். அவருடைய தோல் பையைப் பார்த்ததும் லென்ஸ்காரனுக்கு நம்பிக்கை பிறந்தது. அதற்குள்ளிருந்து அவர் இரண்டு ஆப்பிள்களை எடுத்தார்.

அன்றைக்கு மச்சினியும் வந்திருந்தாள். மனைவியின் தங்கை. லாண்ட்ரியில் வேலை, பெண்கள் விடுதியில் வாசம். கைக்குழந்தையோடு அந்த விடுதியில் வாசற்படியைக்கூட மிதிக்க விட மாட்டார்கள். இல்லாவிட்டால் அவளே அக்காவைக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள். துவைத்த துணி மூட்டையோடு உள்ளே வந்தவள் முந்தானையால் விசிறிக்கொண்டாள். "நான் பகலெல்லாம் நீராவியில நிக்கிறவ, மாமா. இங்கே வந்தா லாண்ட்ரி சொர்க்கம்."

மெக்கானிக் யாரையும் கவனிக்கவில்லை. ஆப்பிள்களை மெஷின்மேல் வைத்தார். அதன் பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தார். முகம் வாடியது.

"நல்ல காய்ச்சல்" என்றார்.

"திறந்து பாக்க மாட்டீங்களா?" என்று மச்சினி கேட்டாள்.

"ஏம்மா, காய்ச்சல்னு டாக்டர்கிட்டே போனா உன்னைத் திறந்தா பாக்கறார்?" என்றவர் ஒரு தாளில் ஏதோ கிறுக்கி மெஷின் மேல் ஒட்டினார். "இன்னையிலிருந்து மருத்துவ விடுப்பு. குணமாகற வரைக்கும் இவர் ஓய்வுல இருப்பார்."

லென்ஸ்காரனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "அப்ப நின்னுடுமா? நின்னுடுவாரா?"

"அதெப்படி? ஓய்வுல இருக்கற நேரத்துல அவர் என்ன பண்றார்னு நாங்க கேக்க முடியாது. அது அவர் சொந்த விஷயம்."

மெஷின் தன் சொந்த விஷயமாக ஊதிக்கொண்டே இருந்தது.

"இதை நிறுத்த ஒரு ஸ்விட்ச்சாவது வெச்சிருக்கலாமே!" என்றாள் மச்சினி.

மெக்கானிக் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நிரந்தர ஊழியருக்கு ஸ்விட்ச் கிடையாதும்மா. வேலையில நிரந்தரமான அன்னைக்கே எடுத்துடுவோம். எங்களுக்கெல்லாம் யாரு ஸ்விட்ச் வெச்சா?" என்று சொல்லிவிட்டு, நோயாளிக்குப் பசி இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு ஆப்பிளில் ஒன்றைக் கடித்தார். "கவலைப்படாதீங்க. வேலை நடந்தாகணும் இல்லையா? பதிலி ஒருத்தரை அனுப்பறோம்."

பதிலி இரண்டு நாளில் வந்து சேர்ந்தது. அது ஒரு ரூம் ஹீட்டர்.

லென்ஸ்காரன் வாசலில் அதைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். "வெயில் காலத்துல ஹீட்டரை வெச்சு என்னங்க பண்றது?"

"உங்க வீட்டுல இருக்கற ஊழியர் பதவியில நிலை இரண்டு" என்றார் மெக்கானிக் பொறுமையாக. "அதே நிலையில இருக்கறவர்தான் பதிலியா வர முடியும். குளிர் தர்றவங்க அத்தனை பேரும் இப்ப வேலையில இருக்காங்க. நிலை இரண்டுல சும்மா இருக்கறது ஹீட்டர்கள்தான். வெயில் காலம் இல்லையா, அவங்களுக்கு வேலை கம்மி. யோசிச்சுப் பாருங்க, இந்த மாசத்துல ஹீட்டர் கிடைக்கிற மாதிரி எப்பவும் கிடைக்காது."

அது உண்மைதான் என்று லென்ஸ்காரனுக்கும் பட்டது. அப்படிப் பட்டதை நினைத்து அவனுக்கே பயமாக இருந்தது.

மெக்கானிக் ஹீட்டரைப் பொருத்தி ஓடவிட்டு, வேலை நேரம் முழுக்க ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு நல்ல காலம், பதிலி தற்காலிக ஊழியர். அதற்கு ஸ்விட்ச் இருந்தது. மெக்கானிக்கின் செருப்புச் சத்தம் படியில் தேய்ந்ததும் லென்ஸ்காரன் அதைத் தட்டினான். ஹீட்டர் சட்டென்று நின்றது. அந்த வாரியத்தைச் சேர்ந்த ஒன்று அவன் சொல்லுக்கு இணங்கியது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் மனைவி அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "ஒண்ணும் ஆகலை, அப்படித்தானே?"

"இன்னொண்ணு கொடுத்திருக்காங்க."

"குளிர்ச்சியா இருக்கா?"

லென்ஸ்காரன் குழந்தையின் பாதத்தை எடுத்துத் தன் கட்டைவிரலோடு அளந்து பார்த்துக்கொண்டான். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் வளர்ந்திருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரி அன்று மதியம் குழந்தையோடு வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் படுக்கையில் புது விரிப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் போறாங்க" என்றாள் மனைவி. அவள் திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவன் மறுபடியும் வாரியத்துக்குப் போய், வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலை உயர்த்தினான். அது விசாரணை அம்மாளுக்கு மட்டும்தான் கேட்டது என்றாலும் போதுமானதாக இருந்தது. உயர்ந்த குரலில் சொன்னால் அது புகார். புகார் வந்தால் விசாரணை உண்டு.

விசாரணை அதிகாரி கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். மெஷினுக்கு எதிரே நாற்காலி போடச் சொல்லி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். வலப்பக்கம் பதிலி. அதிகாரி இருக்கிற நேரம் அது ஓடியாக வேண்டும். எதிரேயிருந்தும் பக்கத்திலிருந்தும் அனல் அடித்தது. மனிதர் அசையவில்லை. வியர்வை மூக்கு நுனியில் திரண்டு, தாள்மேல் சொட்டி, எழுதியதை எல்லாம் கரைத்துக்கொண்டிருந்தது.

"உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு" என்று மெஷினைப் பார்த்துச் சொன்னார். "என்ன சொல்றீங்க?"

மெஷின் ஊதியது.

"அமைதியா இருக்கார்" என்று எழுதிக்கொண்டார். "வாதம் பண்றவங்களுக்கு நடுவுல இப்படி ஒரு பண்பு. சரி, இப்ப வீட்டுக்காரர். இவர்கிட்டே கடைசியா எப்ப நன்றி சொன்னீங்க?"

"நன்றியா?"

"சொன்னதில்லை" என்று எழுதினார். "சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்தா இவரைப் பாத்து ஒரு வார்த்தை? சாப்பிட்டீங்களான்னு வேணாம், சும்மா ஒரு புன்னகை?"

அன்று வந்திருந்த மச்சினிக்குப் பொறுக்கவில்லை. "சார், அக்கா குழந்தை ஆஸ்பத்திரியில கிடக்கு. இது சூடா ஊதறதால வீட்டுக்குக் கூட்டிட்டு வர முடியலை. நீங்களே உக்காந்திருக்கீங்க, வேகுதா இல்லையா?"

"எனக்கு வேகலை" என்றார் அதிகாரி. அவர் காதுகள் செக்கச்செவேல் என்றிருந்தன. "அம்மா, நான் இந்த வாரியத்துல சேர்ந்து தலை நரைச்சாச்சு. இதுவரைக்கும் ஒருத்தர்கூட என்னை வேலை செய்யலைன்னு சொன்னதில்லை. ஏன்? நான் என்ன வேலை செய்யணும்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அதனால புகாரே வராது. இவர் பாவம், என்ன வேலைன்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி ஒரு இடத்துல மாட்டிக்கிட்டார். அதுதான் இவர் பண்ணின ஒரே தப்பு."

சொல்லி முடித்து எழுந்தபோது கால் கொஞ்சம் தள்ளாடியது. மச்சினி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதிகாரி பாதியைக் குடித்துவிட்டு, மீதியை யாரும் பார்க்காத மாதிரி உச்சந்தலையில் ஊற்றிக்கொண்டார். முடிவை அங்கேயே அறிவித்தார். குற்றம் ஏதும் இல்லை. வெயில் காலத்திலும் குளிர்காலத்து வேலையைச் சேர்த்துச் செய்தது அளவுக்கு மீறிய ஆர்வம். அது கண்டிக்கத்தக்கது அல்ல, பாராட்டத்தக்கது.

"பாராட்டிட்டுப் போறாங்க மாமா" என்றாள் மச்சினி, கதவைச் சாத்தியபடி. "அடுத்த தடவை புகார் கொடுத்தா இதுக்குக் கல்யாணமே பண்ணி வெச்சிடுவாங்க."

இனி மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. லென்ஸ்காரன் டைரக்டரைப் பார்க்கப் போனான்.

டைரக்டரின் அறையில் மேஜை பெரிசு, ஜன்னல் அதைவிடப் பெரிசு. மெஷின் மட்டும் இல்லை. அவன் கண் சுவரில் தேடுவதைக் கவனித்து டைரக்டர் சிரித்தார். "இருந்தார். சர்வீஸ்ல எனக்கு மூத்தவர். எனக்குக் கீழே வேலை பாக்கறது அவருக்கு கௌரவக் குறைச்சல்னு வேற இடத்துக்கு மாத்திட்டோம். அதுலேருந்து ஜன்னல்தான். நல்ல காத்து. வீட்டுல உள்ளவங்ககிட்டே சொல்லிடாதீங்க, ஆசைப்படுவாங்க."

லென்ஸ்காரன் எல்லாவற்றையும் சொன்னான். கோர்வையாகப் பேச வராதவன் என்பதால் குழந்தையின் பாதம், பிளாஸ்டிக் நாற்காலி, பினாயில், ஹீட்டர் என்று எல்லாம் கலந்து வந்தன. டைரக்டர் உண்மையாகவே வருத்தப்பட்டார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அதிலிருந்த கீறல்களைப் பார்க்க லென்ஸ்காரனுக்குக் கை பரபரத்தது.

"அவரை எடுத்துடுங்க, சார். புதுசு கூட வேணாம். எடுத்தாப் போதும்."

"வேலையை விட்டு நீக்கணும்ங்கறீங்க" என்றார் டைரக்டர். "அது நடக்காது, தம்பி. ஒருத்தர் வேலை செய்யலைன்னு நீக்கணும்னா அதுக்கு ஆதாரம் வேணும். ஆதாரத்தை ஒருத்தர் எழுதணும். எழுதறது ஒரு வேலை இல்லையா? அந்த வேலையைச் செய்ய ஆள் எங்கே இருக்கு? அதனால இங்கே யாரையும் நீக்கினது கிடையாது."

"வயசாச்சுன்னு ஓய்வு கொடுக்கலாமே?"

"பிறந்த தேதி தெரியாதே. மூக்குமேல தேதி போட்டிருந்தாங்க. எவனோ பெயிண்ட் அடிச்சுட்டான்." டைரக்டர் முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு வழி இருக்கு. பதவி உயர்வு."

"யாருக்குங்க?"

"அவருக்குத்தான். ஒரு இடத்துல ஒருத்தரைத் தாங்கவே முடியலைன்னா நாங்க மேலே தூக்கி வெச்சிடுவோம். கீழே உள்ளவங்க தப்பிச்சுக்குவாங்க. நான் எப்படி இந்த நாற்காலிக்கு வந்தேன்னு நினைக்கிறீங்க?" என்று பெருமையாகக் கேட்டார். "பதவி உயர்வு கிடைச்சா அன்னைக்கே தலைமை அலுவலகத்துக்கு வந்துடணும். சுவரை விட்டுக் கிளம்பித்தான் ஆகணும். ஆனா ஒண்ணு. கூடவே இருந்து பாத்தவங்க, எல்லாருக்கும் முன்னால நின்னு அவரைப் பத்தி மனசாரப் பாராட்டிப் பேசணும். மனசுலேருந்து வரலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிடும்."

"எனக்குப் பேச வராதுங்க. பொய் சுத்தமா வராது."

"அப்ப அவர் உங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்றார் டைரக்டர், அன்பாக.

விழா லென்ஸ்காரன் வீட்டிலேயே நடந்தது. பாராட்டப்படுகிறவர் சுவரில் இருந்ததால் அவரை விழாவுக்கு அழைத்துப் போக முடியாது, விழாதான் அவரிடம் வர வேண்டும். சாப்பிடும் மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலிகள் போட்டார்கள். டைரக்டர், விசாரணை அதிகாரி, ஈரத்துண்டு அம்மாள், மெக்கானிக், இன்னும் யார் யாரோ வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். எல்லாரும் கோட்டு போட்டிருந்தார்கள். பதிலியும் மரியாதைக்காக ஓடிக்கொண்டிருந்தது. அறை வெந்தது. மச்சினி சமையலறை வாசலில் ஒரு துணிப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

டைரக்டர் பேசினார். விசாரணை அதிகாரி பேசினார். அளவுக்கு மீறிய ஆர்வம் என்ற இடம் வந்தபோது பின்வரிசையில் ஒருவர் சரிந்து விழுந்தார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டதாக அறிவித்து அவரை வராந்தாவுக்குத் தூக்கிப் போனார்கள். அவருக்கு வராந்தா கிடைத்ததைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் உணர்ச்சிவசப்பட்டார்கள்.

பிறகு லென்ஸ்காரனை அழைத்தார்கள்.

அவன் எழுந்து மெஷினுக்குப் பக்கத்தில் நின்றான். வலது காதில் அனல் அடித்தது. என்ன பொய் சொல்வது என்று மூன்று நாளாக யோசித்தும் ஒன்றும் வரவில்லை. வாயைத் திறந்தான். வந்தது எல்லாம் உண்மையாக இருந்தது.

"எனக்குப் பேச வராது. இவர் எங்க வீட்டுக்கு வந்ததுலேருந்து ஒரு நிமிஷம் ஓய்ஞ்சதில்லை. நிறுத்துங்கன்னு கெஞ்சினோம். நிறுத்தலை. வெளியில என்ன காலம் நடக்குதுன்னு இவர் திரும்பிக்கூடப் பாத்ததில்லை."

டைரக்டர் மெல்லத் தலையை ஆட்டினார்.

"தனக்கு ஒரு வேலை தெரியும். அது இப்ப யாருக்கு வேணும், வேணாம்னு யோசிக்காம செஞ்சுக்கிட்டே இருந்தார். நாங்க சத்தம் போட்டோம். காதுல போட்டுக்கலை. அழுதோம். இளகலை. வந்தவங்க போனவங்க அத்தனை பேரும் இவரைத்தான் நலம் விசாரிச்சாங்க. எங்களை விசாரிக்கலை. அதையும் இவர் தப்பா எடுத்துக்கலை."

ஈரத்துண்டு அம்மாள் துண்டால் கண்ணை ஒற்றினார். விசாரணை அதிகாரியின் உதடு நடுங்கியது. ஒவ்வொருவரும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். சர்வீஸில் இத்தனை வருஷத்தில் யாரும் தங்களை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டதில்லை என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

"எனக்கு ஒரு பொண்ணு பொறந்திருக்கு" என்றான் லென்ஸ்காரன். "இவர் இருக்கறதால அவ இன்னும் வீட்டுக்கு வரலை. வந்ததும் இவரைப் பத்திச் சொல்லித்தான் வளர்க்கப்போறேன். இவர் மேலே போகணும். எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே போகணும். சீக்கிரம் போகணும்."

கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டைரக்டர் எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேருடைய சட்டையும் சொட்டச் சொட்ட நனைந்திருந்ததால் பிரிவதற்குச் சற்று நேரம் ஆனது. மெஷினின் நெற்றியில் புதுத் தகடு ஒட்டினார்கள். நிலை ஒன்று.

"கழட்டிக்கலாமா?" என்று மச்சினி முன்னால் வந்தாள்.

எல்லாரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். மெக்கானிக் தரையைப் பார்த்தார். "ஸ்பேனர் இல்லைங்க. ஸ்பேனர் எல்லாம் சாமான் கணக்கு. எப்பவோ காணாமப் போச்சு."

"தெரியும்" என்றாள் மச்சினி. இடுப்பில் இருந்த பையைத் திறந்து, லாண்ட்ரி பாய்லருக்கு வைத்திருக்கிற ஸ்பேனரை எடுத்து நீட்டினாள்.

மெஷினை நான்கு பேர் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். வயர் அறுந்த பிறகும் அதிலிருந்து கொஞ்ச நேரம் சூடு வந்தது. விடைபெறுகிறார் என்று மெக்கானிக் சொன்னார்.

சுவரில் ஒரு சதுர ஓட்டை இருந்தது. அந்தப் பக்கம் ஒரு சந்து. வெயிலே எட்டிப் பார்க்காத சந்து. மாடித் தண்ணீர்த் தொட்டி வழிந்து வழிந்து அங்கே எப்போதும் ஈரம் கோர்த்திருக்கும். ஓட்டை வழியாக ஒரு காற்று வந்து, காலண்டரை ஒரு புரட்டு புரட்டிவிட்டு, லென்ஸ்காரனின் நனைந்த முதுகில் பட்டது. அவன் அப்படியே நின்றான். இத்தனை நாளாக அந்தக் காற்று சுவருக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. இந்தப் பக்கம் நிரந்தர ஊழியர் இருந்ததால் உள்ளே வர இடமில்லை.

மச்சினி லாண்ட்ரியில் கழித்துப் போட்ட ஒரு மெல்லிய விரிப்பை நனைத்துப் பிழிந்து ஓட்டையில் தொங்கவிட்டாள். லென்ஸ்காரன் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டில் பக்கத்தில் மாட்டி, பகலிலும் இருட்டிய பிறகும் மாறி மாறிப் பார்த்தான். அது நல்ல பிள்ளையாக ஒரே இடத்தில் நின்றது. ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

"ரூம் இப்ப எப்படி இருக்கு?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஓட்டையா இருக்குங்க" என்றான்.

மனைவி சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. அவன் தெர்மாமீட்டர் காட்டிய அளவைச் சொன்னதும் நர்ஸும் சிரித்துவிட்டாள். அன்று சாயங்காலம் மகள் வீட்டுக்கு வந்தாள். யாரு வீடு என்று அழவில்லை. நனைந்த துணியின் வாசனையை மூக்கைச் சுருக்கி ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

மெக்கானிக் மறுபடி வந்தபோது வெயில் காலம் போய்க் குளிர் தலைகாட்டியிருந்தது. லென்ஸ்காரன் ஓட்டைக்கு ஒரு பலகை அடித்து, இடுக்குகளில் துணி அடைத்திருந்தான். மூலையில் பதிலி ஹீட்டர் இதமாக ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திரும்ப எடுத்துப் போக யாரும் வரவில்லை. அதற்குப் பக்கத்தில் மனைவி குழந்தைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள், மச்சினி எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பெரியவர் நல்லா இருக்கார்" என்று மெக்கானிக் செய்தி சொன்னார். "டைரக்டர் ரூம்ல போட்டிருக்கோம். பதவி உயர்ந்ததும் ஆளே மாறிட்டார். இப்ப குளிர்ச்சியா ஊதறார். இந்தக் குளிர்ல டைரக்டர் கம்பளி போர்த்திக்கிட்டுத்தான் கையெழுத்து போடறார். ஜன்னலையும் பதிச்சாச்சு." பிறகு பலகையைத் தட்டிப் பார்த்தார். "இங்கே ஒரு காலியிடம் உண்டாகியிருக்கு. நிரப்பணும்."

"எப்பங்க?" லென்ஸ்காரன் பலகையை மறைத்துக்கொண்டு நின்றான்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "முதல்ல இது காலியா இருக்குன்னு ஒத்துக்கணும். ஒத்துக்கறதுக்கு ஒரு குழு போடணும். குழுவில காலியிடங்கள் இருக்கு..."

"அவசரமே இல்லைங்க. பொறுமையா பண்ணுங்க."

மெக்கானிக்கின் கண் கலங்கிவிட்டது. வாரியத்தைப் பார்த்து ஒருவர் இப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மூலையைப் பார்த்தார். "பதிலி எப்படி? நல்லா வேலை பாக்கறாரா?"

"தங்கமான..." என்று ஆரம்பித்தாள் மச்சினி. லென்ஸ்காரன் அவள் காலை நன்றாக மிதித்தான்.

"மோசம்ங்க" என்றான். "நாம சொன்னா கேக்கறார். வேணாம்னா நின்னுடறார். குளிர்ற அன்னைக்கு மட்டும்தான் வேலை செய்யறார்."

மெக்கானிக் உச்சுக்கொட்டினார். "தற்காலிகம் இல்லையா, அப்படித்தான் இருப்பாங்க. இப்படியே போனா இவரை நிரந்தரமாக்கவே முடியாது. பதவி உயர்வை எல்லாம் நினைச்சே பாக்க வேண்டாம்."

"பரவாயில்லைங்க. எங்க தலையெழுத்து. பொறுத்துக்கறோம்."

மெக்கானிக் அவன் தோளில் ஆறுதலாகத் தட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். மச்சினி காலைத் தேய்த்துக்கொண்டே, "நாளைக்கே லாண்ட்ரியில சொல்லிடறேன் மாமா, எங்க வீட்டு ஹீட்டர் உதவாக்கரைன்னு" என்றாள்.

"அங்கே மட்டும் போதாது. விடுதியிலயும் சொல்லிடு" என்றாள் மனைவி.

குழந்தையின் மேலுதட்டில் லேசாக வியர்வை அரும்பியிருந்தது. லென்ஸ்காரன் எழுந்து போய் ஸ்விட்சைத் தட்டினான். ஹீட்டர் உடனே நின்றது. இப்படிப்பட்ட குணத்தை வைத்துக்கொண்டு அந்த வாரியத்தில் அது முன்னுக்கு வரப்போவதே இல்லை.